“உள்ளுக்குள்ள என்ன இருக்கு?” என்று முதலில் கேட்கிற கடைக்குக் கொடுங்கள்

ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கணினி ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டு கிடந்தால், அதைத் திருத்தக் கொடுக்க முதல் அதற்குள் என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஆறுதலாகக் கேளுங்கள்.

திருகோணமலையில் எங்கள் வீடு உவர்மலைப் பக்கம். அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கோயில் கணக்கும் நெடுங்காலம் அவர் கையில்தான் இருந்தது. அவருடைய மேசைக் கணினி இன்டெல் ஐ3, இரண்டாம் தலைமுறை. திருவிழாக் கணக்கு, உபயகாரர் பட்டியல், பழைய மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றை விடப் பெரிய விஷயம், சொந்தக்காரருடைய காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோரத்து உறவுகள் பலருடைய பத்திரங்கள் கடலோடு போயின. அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், “உறுதியைக் கொண்டு வா, ஸ்கேன் பண்ணி வைப்பம்” என்பதுதான் அப்பாவின் பேச்சு. ஒரு குடும்பத்தின் பத்திரப் பெட்டி அந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது.

நான் டொரொண்டோவில் இருந்து போய் இறங்கியபோது அது படுத்தபாடு சொல்லி மாளாது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். திரும்பப் போட்டால் திகதி 2011 ஜனவரிக்குப் போய் நிற்கும். வங்கித் தளம் உட்பட எதைத் திறந்தாலும் ‘இணைப்புப் பாதுகாப்பானது அல்ல’ என்று வரும். இணைய லைன்தான் பிழை என்று அப்பா ரவுட்டரையே மாற்றுவித்திருந்தார். பென் டிரைவைச் செருகினால் கோப்புறைகள் காணாமல் போய், அதே பெயரில் ஷோர்ட்கட் மட்டும் நிற்கும். பெட்டியில் கை பட்டால் சுள்ளென்று கரண்ட் அடிக்கும்.

முதலில் கொண்டுபோன கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ஃபோர்மட் அடிச்சு விண்டோஸ் 11 போட்டுத் தாறன், பின்னேரம் வாங்கோ” என்றார்கள். தரவுகளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “டி டிரைவில இருக்கிறது அப்பிடியே இருக்கும்” என்று பதில். ஹாட் டிஸ்க்கின் நிலையைப் பார்க்காமல் அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. அந்த ஐ3க்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறவும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில் இருந்துதான் மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொள்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த கடை டவுணில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அங்கிருந்த தம்பி அப்பாவைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, “சேர், இருங்கோ” என்றார். பிறகு என்னிடம், “அக்கா, உள்ளுக்குள்ள என்ன இருக்கு? எது போனா உங்களுக்குத் திரும்ப எடுக்கேலாது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்பா சொல்லச் சொல்ல ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தார். கடற்காற்று ஒரு கணினியை என்ன செய்யும் என்பதை அங்கே பார்த்தேன். பின்பக்கத்து யூஎஸ்பி வாய்களில் பச்சைக் களிம்பு. திருகாணிகள் துருவேறி, ஒன்று தலையோடு உடைந்து வந்தது. பவர் சப்ளைக்குள் பல்லி முட்டைக் கோதுகள். புரொசசருக்கு மேல் இருந்த விசிறியைக் கழற்றியபோது, அதற்கும் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது; அவர் அதை ஒரே துண்டாக உரித்தெடுத்தார். காற்றுப் போக வழியே இல்லை. சூடு எல்லை தாண்டியதும் புரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். தானாக நின்றதற்குக் காரணம் அதுதான். பிளோவர் அடிக்கும்போது விசிறி இதழை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டார். காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பெயரிங் போய்விடுமாம். புரொசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்துகிற, காய்ந்து வெடித்திருந்த தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினார். ராம் கார்ட்டின் பொன்னிறக் கால்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து, தூரிகையால் தட்டி மாட்டினார்.

திகதிப் பிரச்சினைக்கு மருந்து மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டறி, 3 வோல்ட் காசு வடிவச் சின்ன வில்லை. கரண்ட் இல்லாத நேரத்திலும் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். அது செத்தால் திகதி பழையதுக்குப் போகும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி 2011இல் நிற்கிறபோது, இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். அதனால் உலாவி ஒன்றையும் நம்பாது. பட்டறியை மாற்றித் திகதியைச் சரிசெய்ததும் வங்கித் தளம் திறந்தது. அப்பா ரவுட்டரை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

ஹாட் டிஸ்க்தான் பயமுறுத்தியது. டிஸ்க்கின் நிலையைச் சொல்கிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள், இருந்தன. இந்த நிலையில் விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுப்பதும், டிஸ்க் பிழை திருத்துகிற செக்டிஸ்க்கை ஓட்டுவதும், வைரஸ் தேடுவதும் சாகக் கிடக்கிற டிஸ்க்கை இன்னும் வதைப்பதுதான். அந்தத் தம்பி விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் உள்ள பென் டிரைவால் கணினியைத் தொடக்கி, கொப்பித் தாளில் எழுதிய ஒழுங்கிலேயே பிரதி எடுத்தார். முதலில் உறுதிகள், பிறகு கோயில் கணக்கு, பிறகு படங்கள், கடைசியாக மற்றவை. இரவிரவாக ஓடியது. சில கலியாணவீட்டுப் படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. உறுதிகள் ஒன்றுகூடப் பழுதில்லை.

ஷோர்ட்கட் வைரஸ் சாப்பிட்டது என்று அப்பா நினைத்திருந்த கோப்புறைகளும் கிடைத்தன. அந்த வைரஸ் பெரும்பாலும் எதையும் அழிப்பதில்லை. கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை ஓட்டுகிற ஷோர்ட்கட்டை வைக்கும். லினக்ஸில் பார்த்தபோது எல்லாம் அப்படியே இருந்தன.

இன்னொரு விஷயத்தை ஈழத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் சொல்லவேண்டும். அப்பாவின் கோப்புகள் முழுக்கப் பாமினி எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது; ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று எறிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். தம்பி எழுத்துருக் கோப்புறையையும் மறக்காமல் பிரதி எடுத்தார்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வங்கி வேலை செய்கிற அப்பாவுக்குக் களவு விண்டோஸ் வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன். பழைய ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிய எஸ்எஸ்டி ஒன்றும், பாவித்த டிடிஆர்3 ராம் 4 ஜிபியும் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். பாமினியைப் போட்டதும் லிப்ரே ஒஃபீஸில் பழைய கணக்கெல்லாம் தமிழில் திறந்தது. பழகிய விசைகளிலேயே அப்பா தட்டுகிறார்.

கரண்ட் அடித்தது கடையில் தீரவில்லை, வீட்டில்தான் தீர்ந்தது. பழைய உருண்டைப் பின் சொக்கெட்டில் ஒரு மாற்றியைச் செருகித்தான் இவ்வளவு காலமும் ஓட்டியிருக்கிறார்கள். அதில் ஏர்த் இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டியில் இருந்து கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் பெட்டியில் நிற்கும். வயர்காரரைக் கூப்பிட்டு, ஏர்த்தோடு 13 அம்பியர் சொக்கெட் அடிப்பித்தோம். செத்துக் கிடந்த யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பட்டறியும் வாங்கினோம். மாரி இடியைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கூலி என்று பார்த்தால், டொரொண்டோவில் ஒரு மணித்தியால வேலைக்குக் கேட்கிற காசைவிடக் குறைவு. பேரம் பேசாதீர்கள். எஸ்எஸ்டியின் தொடர் இலக்கத்தைப் பில்லில் எழுதுவித்து வாங்குங்கள். பழைய டிஸ்க்கைக் கடையில் விடாமல் கேட்டு எடுத்து வாருங்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் பல கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் போகிற முதலாளிமாரும் பூட்டுவார்கள். அதற்கேற்றபடி நாளைப் பாருங்கள்.

இப்போது ஒரு பிரதி என்னிடமும் இன்னொன்று லண்டனில் இருக்கிற என் தம்பியிடமும் இருக்கின்றன. அந்தந்தக் குடும்பத்துப் பத்திரங்களை அச்செடுத்து, பென் டிரைவிலும் போட்டு அவரவரிடமே கொடுத்துக்கொண்டு வருகிறோம். நிலாவெளியில் இரண்டு வீடு மிச்சம்; அம்மா அடுத்த கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறா.