மாடி சோலாருக்கு ஹோம் அசிஸ்டென்ட்: கம்பெனி ஆப் சொல்லாத காரணத்தை இது சொல்கிறது

சென்னையில் 3 கிலோவாட் சோலார் போட்ட வீட்டுக்கு நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வர வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட் என்பதுதான் இங்கே எல்லோரும் போடும் கணக்கு. 9 யூனிட்தான் வந்தது என்றால் இன்வெர்ட்டர் கம்பெனியின் ஆப் அந்த 9-ஐக் காட்டும், ஏன் குறைந்தது என்று காட்டாது. தூசியா, நிழலா, ஈபி வோல்ட்டேஜ் ஏறியதால் இன்வெர்ட்டர் விலகி நின்றதா, பேட்டரி நிறைந்து பேனலுக்கு வேலை இல்லாமல் போனதா? பெரும்பாலான ஆப்களுக்குத் தகவல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் போகிறது. நடுவில் ஒரு நிமிடம் இன்வெர்ட்டர் விழுந்து எழுந்தால் வரைபடத்தில் தடயமே இருக்காது.

வீட்டுக் கருவிகளின் தகவலை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளும், சிறிய வைஃபை போர்டுகளை அதனுடன் பேச வைக்கும் அதன் துணையான ஈ.எஸ்.பி.ஹோமும் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. காசு அதிகம் ஆகாது, ஆனால் இரண்டு வார இறுதிகளாவது உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

மென்பொருளை ஓட்ட ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போதும். வீட்டில் சும்மா கிடக்கும் மினி பி.சி. இருந்தால் இன்னும் நல்லது. மெமரி கார்டில் ஓட்டாதீர்கள். சில வினாடிக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருப்பதால் கார்டு தேய்ந்து ஒருநாள் பூட் ஆகாமல் நின்றுவிடும். சிறிய எஸ்.எஸ்.டி. போடுங்கள். ராஸ்பெர்ரி பை, வைஃபை ரூட்டர் இரண்டுக்கும் இன்வெர்ட்டரின் பேக்கப் லைனிலிருந்து கரண்ட் எடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் கட் ஆகும் நேரத்தில், அதாவது பேட்டரியை முக்கியமாகப் பார்க்க வேண்டிய நேரத்தில், கண்காணிப்பும் அணைந்துவிடும்.

இன்வெர்ட்டர் பக்கம், தகவலை வைஃபையில் அனுப்ப ஈ.எஸ்.பி.32 என்ற சிறிய போர்டும், அதை இன்வெர்ட்டரின் தகவல் போர்ட்டோடு ஏ, பி என்ற இரண்டு ஒயரில் இணைக்க ஒரு ஆர்.எஸ்.485 மாட்யூலும் வேண்டும். இரண்டும் ரிச்சி தெருவில் கிடைக்கும். கடையில் முதலில் எடுத்து நீட்டுவது 5 வோல்ட் மேக்ஸ்485 போர்டாகத்தான் இருக்கும். ஈ.எஸ்.பி.32-இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை என்பதால் மேக்ஸ்3485 என்று கேட்டு வாங்குங்கள். பதிலே வரவில்லை என்றால் முதலில் ஏ, பி ஒயர்களை மாற்றிப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பெயர்கள் தலைகீழாக இருக்கின்றன. பதில் விட்டுவிட்டு வந்து சி.ஆர்.சி. பிழை (தகவல் வழியில் சிதைந்தது என்ற அறிவிப்பு) காட்டினால், அதே ஒயர் இணைப்பில் இன்னொரு கருவியும் மாஸ்டராகக் கேள்வி கேட்கிறதா என்று பாருங்கள். இந்த ஒயரில் கருவிகள் பேசும் மொழியான மாட்பஸ்ஸில் ஒரே நேரத்தில் இரண்டு மாஸ்டர் கூடாது.

ஒவ்வொரு அளவும் இன்வெர்ட்டருக்குள் ரெஜிஸ்டர் என்ற எண்ணிட்ட இடத்தில் இருக்கும். டெய் (Deye) சிங்கிள் ஃபேஸ் ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் 9600 பாட் என்ற தகவல் வேகத்தில், பேட்டரி வோல்ட்டேஜ் 183-ஆம் ரெஜிஸ்டரிலும் சார்ஜ் சதவீதம் 184-இலும் இரண்டு பேனல் வரிசைகளின் வாட் 186, 187-இலும் இருக்கின்றன. பேட்டரி பவர் 190-இல் இருக்கிறது, அதைப் ப்ளஸ், மைனஸ் குறியுள்ள எண்ணாகப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு திசையில் மட்டும் 65,000-ஐ ஒட்டிய எண் வந்து பயமுறுத்தும். த்ரீ ஃபேஸ் மாடலுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. ஆக்ஸ்பர்ட் (Axpert) வகை இன்வெர்ட்டர்கள் பொதுவாக மாட்பஸ் பேசுவதில்லை. அவற்றுக்கு 2400 பாட், ஈ.எஸ்.பி.ஹோமின் பிப்சோலார் பகுதி. ஒயரே வேண்டாம் என்பவர்கள் இன்வெர்ட்டரில் செருகும் சோலார்மேன் வைஃபை ஸ்டிக்கின் 8899 போர்ட் வழியாகவும் எடுக்கலாம், ரூட்டரில் அந்த ஸ்டிக்குக்கு நிரந்தர ஐ.பி. கொடுத்துவிட்டால் போதும்.

ஈபி மீட்டர் பக்கம் அளக்கப் பலர் பிசெம்-004டி (PZEM-004T) என்ற அளவி வாங்குகிறார்கள். அது மின்சாரம் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லாது. உள்ளே வந்த 2 கிலோவாட்டும் வெளியே போன 2 கிலோவாட்டும் அதற்கு ஒன்றுதான். நெட் மீட்டர் இருக்கும் வீட்டில் அதை நம்பிக் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும். திசை காட்டும் ஷெல்லி இ.எம். போன்றதையே போடுங்கள்.

இனி, இந்த மென்பொருள் தன் மதிப்பைக் காட்டும் இடம். 545 வாட் பேனல் ஆறு தொடராக இருக்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் அது வேலை செய்யும் வோல்ட்டேஜ் 246-ஐ ஒட்டி இருக்கும். மே மாத மதியம் செல் 65 டிகிரிக்குப் போகும்போது 215-க்கு இறங்கும். அது பழுது அல்ல, சூடு. ஆனால் அதே சூட்டில் எப்போதும் 12 வோல்ட் குறைவாகவே நின்றால் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, பேனலின் ஒரு பகுதியைத் தாண்டிக் கரண்ட்டைக் கடத்தும் பைபாஸ் டயோடைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் மாடியேறிக் கழுவிவிடுங்கள், காக்கை எச்சம் தடியாகக் காய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். தினமும் ஒரே மணிக்கு வோல்ட்டேஜ் குழி விழுந்து அரை மணியில் மீண்டால் அது தண்ணீர் டேங்க் நிழலோ பக்கத்து வீட்டுத் தென்னையோ. வோல்ட்டேஜ் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் வாரா வாரம் இறங்கினால் தூசி. வாட் குறையும்போது வோல்ட்டேஜ் ஏறினால் ஒரு பழுதும் இல்லை, பேட்டரி நிறைந்ததால் இன்வெர்ட்டரே பேனலை அடக்கி வைத்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை மட்டும் ஐசொலேஷன் ஃபால்ட் (பேனல் ஒயரிலிருந்து தரைக்குக் கசிவு) வந்து பத்து மணிக்குத் தானாகச் சரியானால், பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்து இதை விரைவாக்கும். பேனல் பக்கத்து ஸ்விட்ச்சான டி.சி. ஐசொலேட்டரை அணைத்துவிட்டு வரிசை வரிசையாகப் பிரித்துத் தேடும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். கரண்ட் ஓடும்போது எம்.சி.4-ஐப் பிடுங்கினால் தீப்பொறி பறக்கும், ஒருபோதும் செய்யக் கூடாது.

நல்ல வெயிலில் மதியம் இன்வெர்ட்டர் விட்டுவிட்டு நின்றால் ஈபி வோல்ட்டேஜ் வரைபடத்தைத் திறங்கள். 253-ஐத் தொட்ட நொடியில் வாட் பூஜ்யமாகிறதா? அப்படியானால் வோல்ட்டேஜ் ஏறியதால்தான் இன்வெர்ட்டர் விலகுகிறது. உடனே ஈபியைக் குறை சொல்ல வேண்டாம், வீட்டு ஒயரையும் கணக்குப் பாருங்கள். மீட்டரிலிருந்து இன்வெர்ட்டர் 30 மீட்டர் தள்ளி, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் இருந்தால், 22 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயரே 6 வோல்ட் ஏற்றிவிடும். மீட்டரில் 247 இருந்தாலும் இன்வெர்ட்டர் 253-ஐப் பார்க்கும். இரண்டு முனையிலும் அளந்து, மீட்டரிலேயே 250-க்கு மேல் இருந்தால் அந்த வரைபடத்தோடு ஈபியின் புகார் மையமான மின்னகத்தில் புகார் கொடுங்கள்.

லித்தியம் பேட்டரியில்தான் உழைப்புக்கு முழுப் பலன். பேட்டரிக்குள் செல்களைக் கவனிக்கும் ஜே.கே. பி.எம்.எஸ். போர்டை ஈ.எஸ்.பி.32 ப்ளூடூத்தில் படிக்கும். போன் ஆப் இணைந்திருந்தால் இதற்கு இணைப்பு கிடைக்காது, ஆப்பை மூடிவிடுங்கள். 16 செல்லுக்கும் தனித்தனி வோல்ட்டேஜ் வரும். நடு சார்ஜில் 5, 10 மில்லிவோல்ட் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை, செல் 3.45 வோல்ட்டைத் தாண்டும்போது பாருங்கள். ஒரு செல் மட்டும் 3.65-க்கு ஓடி, மற்றவை 3.40-இல் இருந்தால் பேலன்ஸ் போயிருக்கிறது. ஒரு செல் மட்டும் 50 ஆம்பியர் இழுக்கும்போது மற்றவற்றைவிட 20 மில்லிவோல்ட் இறங்கி, அதே 50-இல் சார்ஜ் ஆகும்போது 20 ஏறினால் உடனே செல்லில் குற்றம் தேடாதீர்கள். அது 0.4 மில்லிஓம் கூடுதல் தடை, செல்களை இணைக்கும் உலோகப் பட்டையின் (பஸ்பார்) போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டியூபுலர் பேட்டரிக்கு இவ்வளவு கிடைக்காது, மொத்த வோல்ட்டேஜ்தான்.

குறைகளும் உண்டு. மாதாமாதம் புதுப் பதிப்பு வருகிறது, சிலவற்றில் பழைய அமைப்பு உடையும். பேக்கப் எடுக்காமல் அப்டேட் செய்யாதீர்கள். நுணுக்கமான வரலாறு இயல்பாக 10 நாளுக்குத்தான் இருக்கும், பிறகு மணிக்கு ஒரு சராசரி மட்டும் மிஞ்சும். 30 நாளாக உயர்த்துங்கள். இன்வெர்ட்டர் கடிகாரம் தப்பாக இருந்தால் அன்றைய யூனிட் நள்ளிரவில் பூஜ்யமாகாமல் கணக்குக் குழம்பும். இன்வெர்ட்டரின் அமைப்புகளை மாற்றி எழுதும் வசதியை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விட வேண்டாம், இன்வெர்ட்டரின் நினைவகத்துக்கு எழுதும் எண்ணிக்கையில் வரம்பு உண்டு.

பேட்டரி இல்லாத, ஒழுங்காக ஓடும் ஆன்கிரிட் வீட்டுக்குக் கம்பெனி ஆப்பே போதும். பேட்டரி இருந்தால் இதைப் போடுங்கள், முதல் நாளே மூன்று எச்சரிக்கைகளைப் போனுக்கு வரும்படி வையுங்கள்: ஈபி வோல்ட்டேஜ் ஒரு நிமிடத்துக்கு 250-க்கு மேல், செல் வித்தியாசம் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல், பத்து நிமிடமாகத் தகவலே வராமை.