ஒரு பெரிய பெட்டியா, ஆளுக்கொரு கைப்பையா?

குழந்தைகளுடன் கோடை விடுமுறைக்கு வெளிநாடு புறப்படும் வீடுகளில் ஒரு வழக்கு தவறாமல் எழுகிறது: எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் அடைத்துச் செக்-இன் செய்துவிடுவதா, ஆளுக்கொரு கைப்பையோடு நேரே விமானம் ஏறிவிடுவதா?

கைப்பைக் கட்சிக்குப் பருவமே துணை நிற்கிறது. கோடை உடைகள் மெல்லியவை. இரவில் அலசிப் போட்டால் காலையில் உலர்ந்துவிடும் என்பதால், ஐந்து நாள் துணியைக் கொண்டே இரண்டு வாரத்தை ஓட்டிவிடலாம். தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெட்டிக்காகக் காத்து நிற்கவும் வேண்டியதில்லை.

எடைக் கணக்கும் சாதகமாகவே தெரியும். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ வரை அனுமதி உண்டு. நான்கு பயணச்சீட்டுக்கு 28 கிலோ என்பது, செக்-இன் பெட்டி ஒன்றுக்குப் பரவலாக உள்ள 23 கிலோ வரம்பைவிட அதிகம். ஆனால் விமான நிறுவனம் எண்ணுவது சீட்டுகளை. பெற்றோர் எண்ண வேண்டியதோ கைகளை. ஐந்து வயதுப் பிள்ளை ஆசையாய் இழுத்துவரும் பை, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டுவதற்குள் பெரியவர் ஒருவரின் தோளுக்கு வந்துவிடும். அந்தத் தோளில் ஏற்கெனவே இரண்டு பைகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய இடறல் சன்ஸ்கிரீன். கைப்பையில் வைக்கும் திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத கொள்கலத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 2006 முதல் நடைமுறையில் உள்ளது. புதிய ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்கள் அதைத் தளர்த்தியிருந்தாலும், திரும்பி வரும் விமான நிலையமும் தளர்த்தியிருக்கும் என்று நம்பிப் பை கட்ட முடியாது. பெரியவர் ஒருவர் உடல் முழுவதும் ஒருமுறை பூசிக்கொள்ளவே ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் தேவை. வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். ஆக, நால்வர் உள்ள குடும்பம் கடற்கரையில் கழிக்கும் ஒரே பகலில் 100 மில்லிலிட்டர் குப்பி தீர்ந்துவிடும். குழந்தைக்கான பாலுக்கும் மருந்துக்கும் இவ்விதியில் பொதுவாக விலக்கு உண்டு. சன்ஸ்கிரீனுக்கு அப்படி இல்லை. குச்சி வடிவில் வருவது திரவக் கணக்கில் சேராது என்றாலும், நெளிந்துகொண்டே நிற்கும் குழந்தைக்கு அதை உடல் முழுதும் பூசி முடிப்பது தனி வித்தை.

பெட்டிக் கட்சியின் அச்சம், பெட்டி தொலைந்துவிடுமோ என்பது. வந்து சேராத பெட்டிகளில் பெரும்பாலானவை தாமதமாகவேனும் வந்துவிடுகின்றன. சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இழப்பீடும் கோரலாம். பெட்டி சேதமடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். இருப்பினும் எந்த இழப்பீடும் அன்றிரவு குழந்தைக்கு மாற்றுடை ஆகாது. எனவே ஒருநாள் உடை, டயப்பர், மருந்து ஆகியவை கையோடு இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகள் போனால், ஆளுக்கொன்று என்று பிரிக்காமல் எல்லோருடைய துணியையும் இரண்டிலும் கலந்து அடுக்குவதே புத்திசாலித்தனம்.

கைப்பை மட்டும் கொண்டுபோவோரும் இந்தக் கவலையிலிருந்து முற்றிலும் தப்புவதில்லை. இருக்கைகளுக்கு மேலுள்ள பை அடுக்கு நிறைந்துவிட்டால் விமான வாயிலிலேயே பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது லித்தியம் மின்கலம் கொண்ட பவர் பேங்கைக் கட்டாயம் வெளியே எடுத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் மருந்துப் பொட்டலம் உள்ளேயே தங்கிவிடுவது எளிது.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்து, ஒரே ஊரில் தங்குவதானால், நடுத்தர அளவில் ஒரு செக்-இன் பெட்டியும், பெரியவர் ஒவ்வொருவருக்கும் கைகளை விடுவிக்கும் முதுகுப்பை ஒன்றுமே என் தேர்வு. இரண்டு நாளுக்கோர் ஊராக ரயிலில் மாறிச் செல்லும் பயணத்துக்குக் கைப்பைகளே மேல். சன்ஸ்கிரீனைப் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் பிள்ளையின் பையில் ஒரு பொம்மையும் விமானக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் போதும். அதற்குமேல் வைப்பதெல்லாம் நம் தோளுக்கு நாமே வைத்துக்கொள்வதுதான்.