வசனமா, வி.பி.எஸ்.ஸா, மர ஆடா?

காட்பாடிப் பக்கம் ஒரு சபையில், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். 32 பேர், ஒரு தாழ்வாரம், ஒரு ஃபேன். இந்த வயதுக்கு எந்த முறை சரி என்று ஆசிரியர் கூட்டத்தில் வருஷா வருஷம் பேச்சு வரும். மனப்பாட வசனம், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, மர ஆடு வைத்துக் கதை காட்டுவது என்ற மூன்று முறைகளையும் நான் செய்து பார்த்துவிட்டேன். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: நாம் சொல்லிக்கொடுக்காத எதையாவது, பிள்ளை கடவுளைப் பற்றித் தானாகச் சொல்கிறதா?

வி.பி.எஸ்.ஸை முதலில் முடித்துவிடலாம். மே மாதம், வேலூர் வெயில், ஆக்‌ஷன் சாங், பொம்மலாட்டம், இடைவேளையில் ரஸ்னாவும் பிஸ்கட்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சர்ச்சுக்கு வராத வீட்டுப் பிள்ளைகளும் தெருவிலிருந்து ஓடி வருவார்கள், அதற்காகவே நடத்தலாம். ஆனால் அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் ஐந்து வயதுப் பிள்ளை மெதுவாக ஒன்று சொன்னால் யார் காதில் விழும்?

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

மனப்பாட வசனம் எங்கள் ஊரின் பழைய வழி. 1853-ல் இங்கே வேலையைத் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினருடையது. அந்தச் சபையின் அடிப்படை நூல்களில் ஒன்று ஹைடல்பர்க் வினாவிடை: 1563-ல் வந்தது, 129 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பதில் தயார். சண்டே ஸ்கூலுக்கும் அதேபோல் ஒரு பூர்வீகம் உண்டு. 1780-ல் இங்கிலாந்தின் குளஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் அதில் சேர்ந்திருந்தது. ஆக, பெயரிலேயே பள்ளிக்கூடம். பெரியவர் கேட்பார், பிள்ளை ஒப்பிக்கும், தப்பில்லாமல் சொன்னால் சில்வர் டிபன் பாக்ஸ். நானும் அப்படி வாங்கியவள்தான்.

மூன்றாவதான மர ஆட்டு முறை ரோமில் பிறந்தது. சோஃபியா கவலெத்தி எபிரேயமும் வேதாகமமும் கற்றவர். அவரும் மாண்டிசோரி ஆசிரியையான ஜான்னா கோபியும் 1954-ல் சில பிள்ளைகளோடு ஆரம்பித்தார்கள். பிள்ளை தானாகச் செய்து கற்கும் முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939-லேயே அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். நமக்கு அந்நியர் இல்லை. நாம்தான் அந்தப் பெயரை ஃபீஸ் அதிகமான பள்ளி என்று புரிந்துவைத்திருக்கிறோம். முறை எளிது. மரத்தில் ஒரு மேய்ப்பர், சில ஆடுகள், திறப்பு வைத்த ஒரு வேலி. வேதாகமத்தில் நல்ல மேய்ப்பனைப் பற்றிச் சொல்லும் யோவான் 10-ம் அதிகாரத்திலிருந்து சில வசனங்களை மெதுவாக வாசித்து, உருவங்களை நகர்த்திக் காட்டிவிட்டு, ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு பிள்ளைகளே எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். மேய்ப்பர் யார், ஆடு யார் என்று நாம் விளக்கக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம்.

(இதற்கு ஒன்றுவிட்ட உறவாக ஜெரோம் பெரிமேன் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் முறையும் இருக்கிறது. மணல் பெட்டியில் கதை சொல்லி, "இந்தக் கதையில் நீ எங்கே இருக்கிறாய்?" என்பதுபோலக் கேட்பார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் மணல் வந்தால் கதை நடக்காது.)

தெரிந்த தச்சர் ஒருவர் பிளைவுட்டில் ஆடு வெட்டிக் கொடுத்தார். சார்ட்டில் இருக்கும் ஆடுகள் பஞ்சுபோல வெள்ளையாக இருக்கும். பாலாற்றுப் பக்கம் மேய்கிற செம்மறிக்கு அந்த நிறமும் இல்லை, அந்தக் கம்பளியும் இல்லை. அதனால் காவி பெயின்ட் அடித்தேன். "எங்க ஆயா ஊரு ஆடு" என்று உடனே ஒருவன் அடையாளம் சொன்னான்.

ஒரு பெண் பிள்ளை, ஐந்து வயது. அப்பாவுக்கு நைட் டூட்டி. பல வாரம் 23-ம் சங்கீதத்தை நான் ஒப்பிக்க வைத்திருந்தேன்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." ஒருநாள் மர ஆடுகளை வேலிக்குள் விட்டுக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, மேய்ப்பர் இருந்தா தாழ்ப்பா அடைக்க வேணாமா?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது. தாழ்ச்சியடையேன் என்பதை அவள் 'தாழ் அடையேன்' என்று கேட்டிருக்கிறாள். ராத்திரி அம்மா தாழ்ப்பாள் போடுகிற வீட்டுப் பிள்ளை வேறெப்படிக் கேட்கும்? அது குறைவுபடமாட்டேன் என்ற அர்த்தம்மா என்று திருத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் மேய்ப்பர் உருவத்தை எடுத்து, வேலியின் திறப்பில் குறுக்காகப் படுக்க வைத்தாள். "இவரே படுத்துக்குவாரு" என்றாள், எனக்கில்லை, ஆட்டுக்கு.

யோவான் 10-ல் "நானே வாசல்" என்று இயேசு சொல்கிற ஒரு வசனம் வருகிறது, 9-வது. அன்று நான் வாசித்த வசனங்களில் அது இல்லை.

அப்போ மர ஆடு ஜெயித்ததா? பாதிதான். அந்தக் கேள்விக்கு வார்த்தை கொடுத்தது நான் அலுப்போடு நடத்திய மனப்பாட வகுப்பு. பொருள் விளங்காத வசனமும் பிள்ளை மனதில் எங்கேயோ ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் 32 பேரும் கோரஸாக ஒப்பிக்கிற இடத்தில் அந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது. வந்திருந்தால் 'தப்பு' என்று நானே அடித்திருப்பேன்.

மர ஆட்டு முறைக்குச் செலவு கம்மி, ஆனால் இடமும் பொறுமையும் நிறைய வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் தாங்காது. பல வாரம் ஒன்றுமே நடக்காது, ஆடு வாலைப் பிடித்துச் சண்டைதான் நடக்கும். "இன்னிக்கு என்ன வசனம் படிச்சே?" என்று வாசலில் கேட்கிற அம்மாவிடம் பிள்ளை "ஆடு வெச்சு விளையாடினோம்" என்று சொல்லும். அதற்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

இதில் நான் செய்த தப்பும் ஒன்று. தாழ்ப்பாள் கதையைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். சண்டே ஸ்கூல் விழாவில் அவளை மைக் முன்னால் நிறுத்தி, அதையே திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். சபை சிரித்துக் கைதட்டியது. அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை. நல்ல வேளை, டிபன் பாக்ஸ் மட்டும் கொடுக்கவில்லை.

ஜூனிலிருந்து வகுப்பை மூன்றாகப் பிரித்திருக்கிறோம். ஒரு கூட்டம் மேஜையில், மற்ற இரண்டும் தாழ்வாரத்தில் வசனம். வாரம் ஒன்றாக மாறும். மேஜையில் பிள்ளைகள் சொல்வதை நோட்டில் எழுதிவைப்பேன், ஆனால் பெயர் போடுவதில்லை. விழாவுக்கு யார் கேட்டாலும் அந்த நோட்டைத் தருவதாக இல்லை.