சிறுநீரகக் கட்டிக்கு சி.டி. ஸ்கேன்: பிளெயின் எடுக்காவிட்டால் பாதிக் கிணறுதான்

அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தால் அடுத்து எழுதித் தருவது பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் (இரத்தத்தில் மருந்து ஏற்றி எடுக்கும்) சி.டி.தான். இந்த வேலைக்கு அது கெட்டிக்காரக் கருவி. ஆனால் பொதுவான வயிறு சி.டி. வேறு, சிறுநீரகக் கட்டிக்கென்றே எடுக்கும் சி.டி. வேறு. பொதுவானதில் மருந்து ஏற்றி 70 நொடி வாக்கில் ஒரே ஒரு சுற்று. கட்டி இருக்கிறது என்று சொல்லும், என்ன கட்டி என்று கேட்டால் பல நேரம் கையை விரிக்கும்.

காரணம் ஒரு கழித்தல் கணக்கு. மருந்து ஏறிய படத்தில் கட்டி 66 ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட் (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் எண்) காட்டுகிறது என்று வையுங்கள். பார்வைக்குத் திடக்கட்டி. மருந்துக்கு முன்பே அது 62 என்றால் ஏறியது வெறும் 4. இரத்தம் கசிந்து கெட்டியான நீர்க்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்பு 30 என்றால் ஏற்றம் 36. புற்றுநோயை மனதில் வைத்தே மேலே போக வேண்டும். 20க்கு மேல் ஏறினால் கட்டிக்குள் இரத்த ஓட்டம் உண்டு, 10க்குக் கீழ் என்றால் இல்லை என்று கொள்வது வழக்கம். இடைப்பட்டது இழுபறி. பாப்பிலரி வகைப் புற்று மெதுவாக, குறைவாகவே ஏறுவதால் அங்கே வந்து மாட்டிக்கொள்ளும், அதற்கு எம்.ஆர்.ஐ. பார்ப்பது நல்லது. ஆக, பிளெயின் (மருந்து ஏற்றாத) சுற்றை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

கொழுப்பைத் தேடுவதும் பிளெயினில்தான். கட்டிக்குள் மைனஸ் 10க்குக் கீழே உள்ள திட்டு தெரிந்தால் பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிப்போமா, தீங்கற்றது. 5 மி.மீ. தடிமனில் வெட்டினால் சின்னக் கொழுப்புத் திட்டு பக்கத்துத் திசுவோடு சராசரியாகிக் காணாமல் போய்விடும், 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியதாக வேண்டும். கொழுப்போடு சுண்ணாம்புப் படிவும் சேர்ந்திருந்தால் உடனே நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடாது, புற்றிலும் அப்படி வருவதுண்டு.

மருந்து ஏற்றி 30–40 நொடியில் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணி பளிச்சென்றும் உள்பகுதியான அகணி மங்கலாகவும் இருக்கும். அறுவை செய்பவருக்குத் தமனிகளின் வரைபடம் இங்கே கிடைக்கும். ஆனால் அகணியில் உள்ள சின்னக் கட்டி இருட்டோடு இருட்டாக ஒளிந்துகொள்ளும். கீழ்ப்பெருஞ்சிரையில் (இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) மருந்து கலக்காத இரத்தம், கட்டி சிரைக்குள் சரடாக வளர்ந்திருப்பது போல ஏமாற்றும். இரண்டுக்கும் தீர்வு 90–100 நொடிச் சுற்று. அப்போது சிறுநீரகம் முழுக்க ஒரே சீராக வெளுத்திருக்கும், கட்டி தனித்துத் தெரியும். ஒரே ஒரு கான்ட்ராஸ்ட் சுற்றுதான் என்றால் இதைத்தான் கேட்க வேண்டும். சிறுநீர்ப்பாதையைப் பற்றிச் சந்தேகம் இல்லாதபோது சில நிமிடம் கழித்து எடுக்கும் கடைசிச் சுற்று, கதிர்வீச்சைக் கூட்டுவதோடு சரி.

சொதப்பல்களில் முதலிடம் அளவெடுப்புக்கு. பிளெயினை ஒரு கிலோவோல்ட்டிலும் (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்) கான்ட்ராஸ்ட்டை வேறொன்றிலும் எடுத்தால் எண்களை ஒப்பிடவே முடியாது. இயந்திரம் தானாக மாற்றும் வசதி இருந்தால் டெக்னீஷியன் அதைப் பூட்டி வைக்க வேண்டும். மூச்சை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பிடிக்காவிட்டால் சிறுநீரகம் இடம் மாறும், எண்ணை அளக்கப் படத்தின்மேல் போடும் வட்டம் கட்டியின் ஓரத்தில் போய் உட்காரும். 1 செ.மீ.க்குக் குறைந்த நீர்க்கட்டிகள், சுற்றிலும் உள்ள மருந்தின் பிரகாசத்தால் தாமும் ஏறியதுபோல் பொய் சொல்லும்.

ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின் பார்த்து ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) கணக்கிட வேண்டும். அது 30க்குக் கீழ் என்றால் மருத்துவரிடம் பேசாமல் மருந்து ஏற்றக்கூடாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்தவும் வேண்டியிருக்கும். முன்பு கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆன்கோசைட்டோமா என்ற தீங்கற்ற கட்டியைப் புற்றிலிருந்து பிரித்துச் சொல்ல சி.டி.யால் ஆகாது. நடுவில் நட்சத்திரத் தழும்பு தெரிந்தாலும் உறுதியில்லை, பயாப்ஸியோ அறுவையோதான் வழி.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கட்டியின் அளவு, மருந்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள், சிறுநீரகச் சிரையின் நிலை, நீர்க்கட்டி என்றால் 2019 போஸ்னியாக் வகை (நீர்க்கட்டியில் புற்று வாய்ப்பைத் தரம் பிரிக்கும் முறை) ஆகியவை இருக்கின்றனவா பாருங்கள். ஃபிலிமோடு திரும்பாமல், மெல்லிய வெட்டுகள் உள்ள சி.டி. டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் யாராலும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளக்க முடியாது.