சிவப்புக் கயிறும் கறுப்புடை மனிதர்களும்

விட்டுப் பிரியவும் முடியாமல், சேர்ந்து வாழவும் முடியாமல் இரண்டு பேரும் அழிந்துபோகிற காதலைப் பற்றி ஒரு ஜப்பானியப் படம் சொல்லுங்கள் என்றால், பலரும் இயக்குநர் ஓஷிமா 1976-இல் எடுத்த 'ஆய் நோ கொரீடா'வைத்தான் சொல்வார்கள். 1936-இல் டோக்கியோவில் காதலனின் கழுத்தை நெரித்துக் கொன்ற அபே சதாவின் கதை. துணிச்சலான படம், மறுக்கவில்லை. ஆனால் அந்த இருவரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், கதவுக்கு வெளியே தவிப்பவர்களுக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை. எனக்கு அவர்கள்தான் முக்கியம். அதனால் வேறு இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: மசாஹிரோ ஷினோடாவின் 'டபுள் சூசைட்' (1969), தகேஷி கிட்டானோவின் 'டால்ஸ்' (2002).

இரண்டுமே பழைய ஜப்பானிய நாடகாசிரியர் சிக்காமட்சுவின் பொம்மலாட்ட நாடகங்களிலிருந்து கிளைத்தவை. ஷினோடா அவருடைய 1721-ஆம் ஆண்டு நாடகத்தையே படமாக்கினார். கிட்டானோ அவருடைய இன்னொரு நாடகத்தின் புன்ராக்கு (ஜப்பானியப் பொம்மலாட்டம்) காட்சியில் தொடங்கி இந்தக் காலத்து மனிதர்களிடம் வருகிறார்.

'டால்ஸ்' அழகான படம். யோஜி யமமோட்டோவின் உடைகள், இலையுதிர்காலச் சிவப்பு, பனி. முதலாளியின் மகளைக் கட்டிக்கொள்வதற்காக மாட்சுமோட்டோ காதலியைக் கைவிடுகிறான், அவள் தற்கொலைக்கு முயன்று புத்தி பேதலித்துப் போகிறாள், அவன் கல்யாணத்தை விட்டு ஓடிவந்து அவளைத் தன்னோடு சிவப்புக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறான். இது காதலா, குற்ற உணர்ச்சியா? அவளால் அந்தக் கயிற்றுக்குச் சம்மதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதைப் படம் கேட்கவே இல்லை, அழகுபடுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது. என் பெரிய வருத்தம் அதுதான். அதே படத்தில், ஒரு சனிக்கிழமை விடாமல் சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு பூங்கா பெஞ்சில் பழைய காதலனுக்காகக் காத்திருக்கும் அந்தப் பெண்ணின் கதை எத்தனையோ மடங்கு உண்மையாக இருக்கிறது. கடைசியில் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் இத்தனை வருஷம் பற்றிக்கொண்டிருந்தது அவனையே இல்லை, காத்திருப்பைத்தான்.

சரி, ஷினோடாவுக்கு வருவோம். காகித வியாபாரி ஜிஹெய், அவன் மயங்கிக் கிடக்கும் தாசி கொஹாரு, மனைவி ஓசான். இரண்டு பெண்களாகவும் நடித்தவர் ஷிமா இவாஷிதா ஒருவரே! ஒருத்திக்கு வெள்ளைப் பூச்சு, இன்னொருத்திக்கு அந்தக் கால மனைவிமாரைப் போலக் கறுப்புச் சாயம் பூசிய பல். முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது பிடிபடவில்லை, பாதிக்குமேல் சட்டென்று உறைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் எந்த முகத்தைவிட்டு ஓடுகிறானோ அதே முகத்திடம்தான் ஓடுகிறான்.

அப்புறம் ஓசான். கணவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று கொஹாருவுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதி விலகச் சொன்னவள் அவள்தான். சொன்னபடி விலகிய கொஹாரு இப்போது செத்துப்போவாள் என்று தெரிந்ததும், அவளைத் தாசி வீட்டிலிருந்து பணம் கட்டி மீட்கத் தன் துணிமணியையே அடகுக்கு எடுத்துக் கொடுக்கிறாள். அவளை மீட்டுக் கொண்டுவந்தால் உன் கதி என்ன என்று கணவன் கேட்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகவோ சமையல்காரியாகவோ இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள் சிக்காமட்சுவின் ஓசான். இரண்டு பேர் பித்துப்பிடித்து ஒருவருக்குள் ஒருவர் மூழ்கும்போது கணக்கைத் தீர்ப்பது மூன்றாவது ஆள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது.

ஜப்பானிய மொழியில் காதலர் சேர்ந்து சாவதற்குப் பெயர் ஷின்ஜூ, எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'இதயத்துக்குள்' என்று வரும். ஷினோடா அந்தச் சொல்லின் இனிமைக்கு மயங்கவில்லை. பொம்மையை ஆட்டும் கறுப்புடை குரோகோக்களை அவர் உயிருள்ள மனிதர்களுக்கு நடுவே நடமாட விடுகிறார், பொருள் எடுத்துக் கொடுக்கிறார்கள், சும்மா நின்று பார்க்கிறார்கள், கடைசியில் ஜிஹெய் தூக்கு மாட்டிக்கொள்ளவும் அவர்கள்தான் உதவுகிறார்கள். கிட்டானோவின் கயிறு இரண்டு பேரை மட்டும் கட்டுகிறது. இங்கே கடன், மாமனார், ஊர்ப் பேச்சு, தாசி வீட்டு விலை எல்லாமே கயிறு.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ஷினோடாவைப் பாருங்கள். ஓசானை அவள் அப்பா வந்து இழுத்துக்கொண்டு போகிற காட்சியில் மட்டும் கண்ணை எடுக்காதீர்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் இல்லை.