சின்னக் கைக்கு ஏர் பிஸ்டல்: டிரிகர் எட்டவில்லை என்றால் எங்கே தொடங்குவது?

10 மீட்டர் மேட்ச் ஏர் பிஸ்டலில் விரல் எட்டவில்லை என்றால், பெரும்பாலோர் உடனே ஆலன் கீயை எடுத்து டிரிகர் பிளேடை, அதாவது விரல் படும் தகட்டை, கடைசிவரை பின்னால் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு சீசன் விடாமல் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிவது: முதல் வேலை அது அல்ல, கடைசி வேலை. முதலில் கிரிப், அதாவது கைப்பிடி.

கை சின்னதாக இருந்தால், விரலை எட்டவைக்கக் கை தானாகவே பிடியைச் சுற்றி நகர்ந்துவிடும். வலக்கைக்காரருக்கு வலப்பக்கம். அப்போது பேரலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கண்ணை மூடி, கையை நீட்டி, பிடியை இறுக்கி, கண்ணைத் திறங்கள். குறி பார்க்கும் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவே இல்லாமல் பத்து முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் குற்றம் டிரிகரில் இல்லை, கிரிப்பில்.

எஸ் அளவு கிரிப் வாங்கினாலே தீர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். உள்ளங்கை அகலமும் விரல் நீளமும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. மரம் குறைக்க வேண்டிய இடங்கள் இரண்டு: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட வளைவு உட்காரும் பின்பக்கம், ஆள்காட்டி விரலின் அடிக்கணு உரசும் பக்கவாட்டு. அரைவட்ட அரத்தால் ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். கிரிப்பைக் கழற்றிவிட்டுத்தான் அரம் போட வேண்டும். மரத்தூள் டிரிகர் பொறிக்குள் போனால் தொல்லை. 80 எண் உப்புத்தாள், பிறகு 220. ஒவ்வொரு முறையும் மாட்டி, இருபது தடவை டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுப்பது) செய்து பார்த்த பிறகே அடுத்த அரை மில்லிமீட்டர்.

அதிகமாக எடுத்துவிட்டாலும், உள்ளங்கைக் குழியில் இடைவெளி இருந்தாலும் எம்சீல் அல்லது மர மக்கு வைத்து நிரப்பலாம். மக்கு இறுகும் முன் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சுடும் நிலையிலேயே பிடித்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் வைத்துப் பிடித்தால் அச்சு தவறாக விழும், தோள் உயரத்தில் கை வேறு மாதிரி மடங்குகிறது. நிரப்பும்போது விதியும் நினைவில் இருக்கட்டும்: பிஸ்டல் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், கிரிப் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டு விடுபட்டிருக்க வேண்டும். கட்டைவிரல் பக்கம் மக்கு ஏற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது அந்த 50 மி.மீ.யில்தான்.

இனி பிளேடு. ஸ்டெயர், மொரினி, வால்தர், பார்டினி எதுவானாலும் மேட்ச் பிஸ்டலில் பிளேடை முன்பின் நகர்த்தலாம், திருப்பவும் செய்யலாம். விரலின் முதல் கணுவுக்கு மேலுள்ள சதையின் நடு பிளேடில் படவேண்டும்; விரலின் மற்றப் பகுதி கிரிப்பைத் தொடக் கூடாது. ஒரு தாள் தடையில்லாமல் நுழையும் இடைவெளி போதும். நுனி மட்டும் பட்டால் வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் போகும், கணு மடிப்பு வரை உள்ளே போனால் வலப்பக்கம் இழுக்கும்.

திருப்புவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குட்டை விரல் பிளேடுக்கு நேராக வருவதில்லை, சாய்ந்து வருகிறது. அந்தச் சாய்வுக்கு ஏற்ப பிளேடைச் சில டிகிரி திருப்பினால் அழுத்தம் நேர் பின்னாகப் போகும். சரியா என்பதை டிரை ஃபயரில் முன் சைட் சொல்லிவிடும்: விசை விடுபடும் கணத்தில் அது பக்கவாட்டில் துள்ளினால் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

பிளேடைத் தொட்டாலே டிரிகர் எடையை, அதாவது அது விடுபடத் தேவையான அழுத்தத்தை, மறுபடி பார்த்தாக வேண்டும். பிளேடு கொஞ்சம் கீழே இறங்கினாலும் நெம்புகோலின் கை நீண்டு, எடை குறைந்து காட்டும். போட்டி விதிப்படி குறைந்தபட்சம் 500 கிராம். பேரலைச் செங்குத்தாக வைத்து, தரையிலிருந்து எடைக்கல்லைப் பிளேடின் நடுவில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். சரியாக 500-இல் நிறுத்தாமல் 515, 520-இல் வைப்பது நல்லது. டிரிகர் இரண்டு கட்டமாக நகரும்: விடுபடும் முன் வரும் முதல் நிலைக்கு 380 முதல் 400, மீதி விடுபடவைக்கும் இரண்டாம் நிலைக்கு. சின்னக் கைக்கு முதல் நிலையின் நகர்வு நீளமாக இருந்தால் விரல் வளைந்து வளைந்து கோணம் மாறிவிடும், அதைக் குறைத்துவிடுங்கள். ஆனால் டிரிகர் ஸ்டாப் திருகை (விடுபட்ட பின் பிளேடு மேலும் நகராமல் தடுப்பது) ஒட்ட ஒட்ட முடுக்கிவிடக் கூடாது. வீட்டில் விடுபடும் டிரிகர் மேட்ச் நடுவில் விடுபடாமல் நின்றுவிடும். விடுபடும் புள்ளியைக் கண்டபின் கால் சுற்று தளர்த்திவிடுங்கள்.

நாளாக ஆக வரும் தொல்லை, பிளேடைப் பிடிக்கும் சிறு திருகு தளர்வது. திருகின் தலையிலும் பிளேடிலும் சேர்ந்து விழும்படி நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. பயிற்சிக்கு முன் ஒரு பார்வை போதும்.

12 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதையெல்லாம் மீண்டும் பாருங்கள், கை வளர்ந்துகொண்டே இருக்கும். எந்தத் திருகு எத்தனை அரைச் சுற்று என்று நோட்டில் எழுதி வையுங்கள். கிளப் பிஸ்டலை நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடத்தில் அந்த நோட்டு இல்லாமல் முடியவே முடியாது. ஆலன் கீயைக் கையில் எடுக்கும் முன் பேரலில் பெல்லட் இல்லை என்று பார்த்து, பேரல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகிவிடுங்கள்.