டோனர் குரூப் வேறா? சேலம் பிளட் பேங்க் ஒன்றின் மதிப்பீடு: 3.5/5

வேலூரிலோ சென்னையிலோ, வேறு ரத்த குரூப் டோனரிடமிருந்து ஸ்டெம் செல் (மஜ்ஜை) மாற்று முடித்து ஊர் திரும்பியவர்களுக்கு, பெயர் வேண்டாம், டவுனில் உள்ள இந்த பிளட் பேங்க்தான் அடுத்த சில மாதத்துக்குக் கதி.

மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஜெல் கார்டு (ரத்த குரூப் சோதிக்கும், சிறு குழாய்கள் உள்ள அட்டை) பார்க்கும் டெக்னீஷியன்களுக்கு. நோயாளி ஓ, டோனர் ஏ என்றால், புது மஜ்ஜை பிடித்ததும் ஆன்டி-ஏ (ஏ செல்லைத் தாக்கும் எதிர்ப்பொருள்) உள்ள குழாயில் மேலே ஒரு சிவப்புக் கோடு, அடியில் ஒரு சிவப்புப் பொட்டு. மேலே நிற்பது டோனரின் ஏ செல், அடியில் இறங்கியது ஓ. இதைப் பார்த்து ‘சாம்பிள் மாறிப்போச்சு’ என்று திருப்பி அனுப்பும் லேப்களும் உண்டு. இங்கே மாற்று நடந்த தேதியைக் கேட்டுவிட்டு, சிவப்பணு ஓ, பிளேட்லெட் ஏ என்று சரியாக எடுத்துத் தருகிறார்கள்.

இந்த ஜோடியில் நோயாளியின் பழைய ஆன்டி-ஏ சில மாதம் தங்கிவிடலாம். வெள்ளையணு, பிளேட்லெட் ஏறியிருக்கும். சிவப்பணு மட்டும் மஜ்ஜையிலேயே அடிபடும். ஏற்றிய பை ஹீமோகுளோபினைத் தூக்கிக் காட்டிவிடும் என்பதால் ரெட்டிக் கவுண்ட்டைத்தான் (புதிதாக உருவான இளம் சிவப்பணுவின் சதவீதம்) நம்ப வேண்டும். சாம்பிளை ரத்தம் ஏற்றும் முன்பே கொடுங்கள். மாற்று முடிந்து 60 நாள் தாண்டியும் அது 1 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாற்று செய்த டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். ஆன்டி-ஏ டைட்டரை (எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரு வகைக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஜெல்லில் வந்த எண்ணை வேறு லேபின் டியூப் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். 1:64 அடுத்த முறை 1:32 ஆனதற்கெல்லாம் சந்தோஷப்படவும் வேண்டாம், ஒரு படி ஏறி இறங்குவது சோதனையின் இயல்பு.

மார்க் குறைவது கவுண்ட்டரில். ‘ஃபில்டர் போட்டாச்சு, அதே போதும்’ என்கிறார்கள். போதாது. ஃபில்டர் வெள்ளையணுவைக் குறைக்கும், மிச்சமிருக்கும் லிம்போசைட் (வெள்ளையணுவில் ஒரு வகை) நோயாளியின் உடம்பில் பெருகாமல் தடுப்பது 25 கிரே (கதிர் அளவின் அலகு) கதிர்வீச்சுதான். அந்த மெஷின் இங்கே இல்லை, பையை வெளியே அனுப்பி வாங்குகிறார்கள். பையின் ஸ்டிக்கர் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கதிர் கொடுத்த பையில் நாளாக ஆகப் பொட்டாசியம் கசியும், அதனால் கதிர் கொடுத்த தேதியையும் பாருங்கள்.

எத்தனை பை ஏறியது என்ற கார்டும் தருவதில்லை. ஒரு பைக்கு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேரும், நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் முந்தின நாளே போன் போட்டு, பை கதிர் முடிந்து வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். ஹீமோகுளோபின் 7-ஐ வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவை வெறுங்கையோடு திரும்ப ஏற முடியாது.